சீட்டும் சீட்டிழுப்பும்



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் ‘சீட்டு’ என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிப்பர். அயலவர் பலர் ஒன்றுகூடி, மாதந்தோறும் குறித்த தொகையைச் செலுத்தி, தத்தம் முறை வரும்போது முழுத்தொகையையும் பெற்றுக்கொள்ளும் சீட்டு ஒன்று. சந்திகளிலும் பேருந்து நிலையங்களிலும் வண்ண வண்ணமாய் அடுக்கி விற்கப்படும் அதிர்ஷ்டலாபச் சீட்டு மற்றொன்று. பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டின் கணக்கும் வேறு. இக்கணக்கை நன்கு அறிந்தவர் சிலர். அறியாது நாள்தோறும் பணம் கொடுப்பவர் பலர். லொத்தர் என வழங்கும் இச்சீட்டிழுப்பு எவ்வாறு நடைபெறுகின்றது, பல மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் பேராட்டங்களில் கோடிக்கணக்கான பரிசு எங்கிருந்து வருகின்றது, சீட்டு வாங்கும் ஒருவருக்கு உண்மையில் உள்ள வாய்ப்பு எவ்வளவு என்பனவற்றை இன்று ஆராய்வோம். எவரையும் கடிந்துரைப்பது எமது நோக்கமன்று. கணக்கைத் தெளிவாக எடுத்துக் காட்டினால் முடிவைக் கேட்போரே செய்துகொள்வர்.

குலுக்கிப் பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சோழநாட்டு உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஊராட்சி வாரியங்களுக்குத் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். எழுத்தறியாத பாலன் எடுப்பதால் வஞ்சனைக்கு இடமில்லை என்பது அவர்தம் கருத்து. நம் நாட்டிலும் நீர்கொழும்புக் களப்பின் வாயிலில் இறால் பிடிக்கும் மீனவர், வலை நாட்டும் இடங்களை ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கியே பங்கிட்டுக் கொள்வர். நல்ல இடம் சில, உரிமையுடையோர் பலர் என்றவிடத்துப் பூசலின்றிப் பங்கிடுதற்கு இதனினும் சிறந்த வழி அரிது.

ஆகவே குலுக்கல் என்பது தன்னளவில் நேர்மையான கருவியே. உத்தரமேரூரில் அது கடமையைப் பங்கிட்டது. நீர்கொழும்பில் அது தொழிலுக்குரிய இடத்தைப் பங்கிடுகின்றது. இவ்விரண்டிலும் குடத்தில் பெயர் இடுவதற்காக எவரும் பணம் இழப்பதில்லை. லொத்தரிலோ பணம் கொடுத்தே பெயரைக் குடத்தில் இடுகின்றோம். வேறுபாடு இங்கேதான் தொடங்குகின்றது.

இதனை விளக்க நம் ஊர்ப் பெண்கள் கட்டும் சீட்டையே எடுத்துக்கொள்வோம். இருபது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 1,000 ரூபா கட்டுகின்றனர் என்க. மாதந்தோறும் 20,000 ரூபா சேரும். அதனை ஒருவர் பெறுவார். பெற்றவரின் பெயர் குடத்திலிருந்து நீங்கிவிடும். இருபது மாதங்கள் முடியும்போது இருபது பேரும் ஒவ்வொரு முறை 20,000 ரூபா பெற்றிருப்பர். எவருக்கும் நட்டமில்லை. ஒருவர் மகளின் திருமணத்துக்கும், ஒருவர் கூரை வேய்வதற்கும், மற்றொருவர் வலை வாங்குவதற்கும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒருசேரக் கைக்கு வந்து பயன்படுகின்றது.

இச்சீட்டில் இரண்டே இரண்டு விதிகளை மாற்றுவோம். முதலாவது, சேரும் 20,000 ரூபாவில் பாதியை நடத்துநர் தம் செலவுக்கும், விற்பனையாளர் கூலிக்கும், ஒரு பொதுக் காரியத்துக்குமாக எடுத்துக்கொள்வர். மீதி 10,000 ரூபாவே பரிசு. இரண்டாவது, பரிசு பெற்றவரின் பெயரும் மீண்டும் குடத்தில் இடப்படும். இப்போது இருபது மாதங்களில் நிகழ்வதென்ன? எல்லோரும் 20,000 ரூபா கட்டியிருப்பர். ஒருவருக்கு இருமுறை விழலாம்; மற்றொருவருக்கு மும்முறையும் விழலாம். கணிதப்படி பார்த்தால், இருபது பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருமுறையேனும் விழாது. எல்லோரும் கட்டிய நாலு இலட்சம் ரூபாவில் இரண்டு இலட்சமே அவர்களிடம் திரும்பி வந்திருக்கும். நேயர்களே, லொத்தர் என்பது இதுவே. இருபது பேர் என்பதை இலட்சக்கணக்கானோர் என்று விரித்துக்கொண்டால் போதும்.

இலங்கையில் இத்தொழிலை அரசே நடத்துகின்றது. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டது. அதன் தேறிய வருமானம் அரசின் திரட்டு நிதியைச் சேரும். அபிவிருத்தி லொத்தர் 1983இல் தொடங்கப்பட்டது. அதனை நடத்தும் சபைக்கெனத் தனிச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. இச்சபையின் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல நம்பிக்கை நிதியத்துக்கும் உதவுகின்றது. ஏழை நோயாளரின் சத்திரசிகிச்சைக்கு உதவுவது முன்னதன் பணிகளுள் ஒன்று. பின்னது, அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால் 1981இல் சட்டவாயிலாக நிறுவப்பட்டு, வசதி குறைந்த பல்கலைக்கழக மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் இப்புலமைப்பரிசிலைக் கொண்டே உணவும் நூலும் பெறுகின்றனர். இந்நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

இனி, வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்ட மகாஜன சம்பத என்னும் சீட்டில் ஆங்கில அரிச்சுவடியின் ஓர் எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கும். எழுத்தும் ஆறு இலக்கங்களும் முறையே பொருந்தினால் தலைப்பரிசு. ஆறு இலக்கங்களைப் பத்து இலட்சம் வகையாக அமைக்கலாம். அவை ஒவ்வொன்றுடனும் 26 எழுத்துகளில் ஏதேனும் ஒன்று சேரலாம். ஆகவே மொத்தம் 2 கோடியே 60 இலட்சம் வகைகள். அவற்றுள் ஒன்றே வெல்லும்.

இத்தகைய பேரெண்கள் மனத்தில் எளிதிற் பதிவதில்லை. படுவான்கரை உழவருக்கு விளங்கும்படி நெல்லால் அளந்து பார்ப்போம். ஆயிரம் நெல்மணிகள் ஏறத்தாழ 25 கிராம் நிறையுடையன. ஒரு கிலோவில் ஏறத்தாழ 40,000 மணிகள். இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மணிகள் வேண்டுமாயின் 650 கிலோ நெல் வேண்டும். அஃதாவது ஏறத்தாழப் பத்து மூடை. அப்பத்து மூடையையும் களத்தில் கொட்டி, ஒரே ஒரு மணிக்குச் சிவப்புச் சாயம் பூசிக் கலந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணியை எடுக்க வேண்டும். அது சிவப்பு மணியாக இருக்கும் வாய்ப்பே ஒரு சீட்டுக்குள்ள வாய்ப்பு. இரண்டு சீட்டு வாங்கினால் இரண்டு மணி எடுக்கலாம். குவியல் அப்படியே இருக்கும். உத்தரமேரூர்க் கல்வெட்டு எழுந்த நாள்தொட்டு இன்றுவரை, 1,100 ஆண்டுகளாக, நாள்தோறும் தவறாது ஒரு சீட்டு வாங்கி வந்த ஒருவர் இருப்பாராயின், அவருக்கு இதற்குள் ஒருமுறையேனும் தலைப்பரிசு விழுந்திருக்கும் வாய்ப்பு அறுபத்தைந்தில் ஒரு பங்கேயாகும்.

கடைசி ஓரிரு இலக்கங்கள் பொருந்துவோருக்குச் சிறு பரிசுகள் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. அச்சிறு பரிசுகளே ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பவை. சீட்டின் விலையளவு பணம் திரும்பி வந்தவர் அதனைப் பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அவ்விடத்திலேயே இன்னொரு சீட்டாக மாற்றிக்கொள்வர். தூண்டிலில் இரை அற்றுப்போகாதிருப்பதற்கு இச்சிறு பரிசுகள் பயன்படுகின்றன.

இனி, பல மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் பேராட்டத்துக்கு வருவோம். இதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் பவர்போல். அந்நாட்டில் பெரும்பாலான மாநிலங்கள் தனித்தனி லொத்தர் நடத்துகின்றன. சனத்தொகை குறைந்த மாநிலத்தில் விற்கும் சீட்டுகளும் குறைவு; ஆகவே பரிசும் சிறிது. பரிசு சிறிதாயின் வாங்குவோர் ஆர்வமும் குன்றும். இருபது வீடுள்ள குடியிருப்பில் கட்டும் சீட்டின் தொகைக்கும், இருநூறு வீடுள்ள ஊரில் கட்டும் சீட்டின் தொகைக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. இக்குறையைப் போக்கச் சிறு மாநிலங்கள் சில 1987இல் ஒன்றுகூடிப் பன்மாநில லொத்தர்ச் சங்கம் ஒன்றை அமைத்தன. 1988இல் அவற்றின் முதலாவது கூட்டு ஆட்டம் தொடங்கியது. அதுவே 1992இல் பவர்போல் என்னும் புதிய உருவம் பெற்றது. இன்று 45 மாநிலங்களிலும், தலைநகர் வாசிங்டனிலும், இரு கடல்கடந்த ஆட்சிப்புலங்களிலும் அச்சீட்டு விற்கப்படுகின்றது. ஐரோப்பாவிலும் பிரான்சு, இசுப்பெயின், பிரித்தானியா ஆகிய நாடுகள் 2004இல் யூரோமில்லியன்ஸ் என்னும் கூட்டு ஆட்டத்தைத் தொடங்கின. வேறு நாடுகளும் பின்னர் அதிற் சேர்ந்தன.

கூட்டு ஆட்டத்தின் அமைப்பு எளியது. சீட்டை ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் தானே விற்கும். விற்பனையில் பாதி பரிசுகளுக்கென ஒதுக்கப்படும். தலைப்பரிசுக்கு உரிய பங்கை எல்லா மாநிலங்களும் தத்தம் விற்பனைக்கேற்ப ஒரு பொதுக்குடத்தில் இடும். மீதிப் பணத்தில் விற்பனையாளர் கூலியும் நடத்தும் செலவும் போக, எஞ்சிய இலாபம் அந்தந்த மாநிலத்துக்கே உரியது. அது பெரும்பாலும் கல்வி முதலிய பொதுப்பணிகளுக்குச் செல்லும். குடம் பொது, இலாபம் தனித்தனி. இதனால் மாநிலங்களிடையே பூசல் எழுவதில்லை.

ஆட்டத்தின் விதி வருமாறு: 1 முதல் 69 வரையுள்ள இலக்கங்களில் ஐந்தையும், 1 முதல் 26 வரையுள்ள இலக்கங்களில் ஒன்றையும் தெரிவுசெய்ய வேண்டும். வாரத்தில் மூன்று நாள் சீட்டிழுப்பு நடைபெறும். ஒரு பெட்டியில் 69 வெண்பந்துகளும் மற்றொரு பெட்டியில் 26 செம்பந்துகளும் சுழலும். முதற் பெட்டியிலிருந்து ஐந்தும் இரண்டாம் பெட்டியிலிருந்து ஒன்றும் வெளிவரும். ஐந்து பந்துகள் எந்த வரிசையில் வந்தாலும் சரியே.

இதன் கணக்கையும் பார்ப்போம். முதற் பந்து 69 வகையாக வரலாம். அடுத்தது 68 வகை. பின்னர் 67, 66, 65 வகை. இவ்வைந்து எண்களையும் பெருக்கினால் 134 கோடியே 86 இலட்சத்து 21,560 கிடைக்கும். வரிசை முக்கியமன்று ஆதலால், ஐந்து பந்துகளை வரிசைப்படுத்தக்கூடிய 120 வழிகளால் இதனை வகுக்க வேண்டும். வரும் ஈவு 1 கோடியே 12 இலட்சத்து 38,513. செம்பந்து 26 வகையாக வரலாம் ஆதலால், 26ஆற் பெருக்கினால் 29 கோடியே 22 இலட்சத்து 1,338. இத்தனை வகைகளில் ஒன்றே தலைப்பரிசு பெறும். மீண்டும் நெல்லால் அளந்தால் 7,300 கிலோவுக்கு மேல். நூறு மூடையைத் தாண்டும். அத்தனை மூடைகளுக்குள்ளும் சிவப்பு மணி ஒன்றே. வாரம் மூன்று சீட்டிழுப்பிலும் ஒவ்வொரு சீட்டு வாங்குபவர், சராசரியாக 18 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இத்தனை அரிய வாய்ப்பாக இருந்தும் பரிசு பல கோடிகளாக வளர்வது எங்ஙனம்? அரிய வாய்ப்பாக இருப்பதனாலேயே வளர்கின்றது. ஒரு சீட்டிழுப்பில் எவரும் வெல்லாவிடின் குடத்திலுள்ள பணம் அடுத்த சீட்டிழுப்புக்குச் செல்லும். பல வாரம் எவரும் வெல்லாவிடின் குடம் நிறைந்து வழியும். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக எழுதும். அதுவரை வாங்காதவரும் வரிசையில் வந்து நிற்பர். நடத்துநர் இதனை நன்கு அறிவர். 1992இல் பவர்போல் தொடங்கியபோது வகைகள் 5 கோடியே 49 இலட்சத்து 79,155 மட்டுமே. பின்னர் விதிகள் பலமுறை மாறின. 2015 அக்டோபருக்குச் சற்று முன்வரை 17 கோடியே 52 இலட்சமாக இருந்த வகைகள், அம்மாத மாற்றத்துடன் இன்றைய 29 கோடிக்கு உயர்ந்தன. வெல்வது கடினமாக்கப்பட்டது; பரிசு பெருகியது; விற்பனையும் பெருகியது. மக்கள் வாய்ப்பைக் கணக்கிடுவதில்லை, பரிசின் பெருமையையே நோக்குவர் என்னும் மனித இயல்பின்மீது கட்டப்பட்ட மாளிகை இது.

2022 நவம்பரில் இக்குடம் 204 கோடி டொலராக வளர்ந்தது. கலிபோர்ணியா மாநிலத்தில் விற்ற ஒரே சீட்டுக்கு அது விழுந்தது. ஆயின் குடத்தில் உண்மையாக இருந்த பணம் 99 கோடியே 76 இலட்சம் டொலர் மட்டுமே. விளம்பரத் தொகை, 29 ஆண்டுக் காலத்தில் 30 தவணையாகப் பெறுவோர்க்கு வட்டியுடன் சேர்ந்து வரக்கூடிய தொகையாகும். ஒருசேரப் பெறுவோர் ஏறத்தாழப் பாதியையே பெறுவர். அதிலிருந்து வருமான வரியும் செலுத்த வேண்டும். பெரும் எழுத்தில் அச்சிட்ட எண்ணைக் கண்டால், அது எப்போது, எவ்வாறு கைக்கு வரும் என்று கேட்கும் பழக்கம் லொத்தருக்கு மட்டுமன்றி எல்லாக் கொடுக்கல் வாங்கலுக்கும் நன்று.

மற்றொன்று: ஒரே இலக்கங்களைப் பலர் தெரிவுசெய்தால் தலைப்பரிசு பங்கிடப்படும். 2016 சனவரியில் 158 கோடிக்கு மேற்பட்ட டொலர் பரிசை மூன்று மாநிலங்களில் விற்ற மூன்று சீட்டுகள் பங்கிட்டன. பிறந்த நாளைக் கொண்டு இலக்கம் தெரிவோர் 31க்கு உட்பட்ட எண்களையே எடுப்பர் ஆதலால், அவ்வெண்களில் கூட்டம் மிகுதி. 2005 மார்ச்சில் விந்தையொன்று நிகழ்ந்தது. வழக்கமாக நாலைந்து பேரே பெறும் இரண்டாம் பரிசு ஒரே நாளில் 110 பேருக்கு விழுந்தது. ஏமாற்று நிகழ்ந்ததோ என அதிகாரிகள் ஐயுற்று ஆராய்ந்தனர். சீன உணவகங்களில் உணவுக்குப்பின் கொடுக்கும் அதிர்ஷ்டப் பணியாரத்துக்குள் வைத்த தாள்த்துண்டில் அச்சிட்டிருந்த இலக்கங்களை அவர்களுட் பலர் அப்படியே எழுதியிருந்தமை தெரியவந்தது. அவ்விலக்கங்கள் வந்தமை தற்செயலே. அவ்வாறு அச்சிட்ட எத்தனையோ ஆயிரம் தாள்த்துண்டுகள் பொய்த்தன. அவற்றைப் பற்றி எவரும் செய்தி எழுதவில்லை.

இவ்விடத்து நம்மவரிடையே நிலவும் சில நம்பிக்கைகளையும் எடுத்துப் பேசுதல் பொருத்தமாகும். ‘இந்த இலக்கம் நெடுநாளாக வரவில்லை, இனி வந்தே தீரும்’ என்பது ஒன்று. பந்துக்கு நினைவில்லை. நேற்று வந்ததையோ வராததையோ அது அறியாது. ‘ஓர் இலக்கத்தால் தவறிவிட்டது; அடுத்த முறை விழும்’ என்பது மற்றொன்று. ஆற்றில் ஒரு முழம் தள்ளி வலை வீசியவர் அடுத்த வீச்சில் திருத்திக்கொள்ளலாம். அங்கே கைத்திறன் உண்டு. சீட்டிழுப்பில் கைத்திறனுக்கு இடமில்லை. ஓர் இலக்கத்தால் தவறியவரும் ஆறு இலக்கத்தால் தவறியவரும் அடுத்த சீட்டிழுப்பில் ஒரே நிலையினரே. கனவும் சகுனமும் பல்லி சொல்லும் பலனும் இதற்குப் புறம்பானவை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிற் செய்து காட்டலாம். 0 முதல் 9 வரை எழுதிய துண்டுகளை மூன்று பெட்டிகளில் இட்டு, நாற்பது மாணவரும் ஆளுக்கு ஒரு மூவிலக்க எண்ணை எழுதி வைக்க, நாள்தோறும் ஒருமுறை குலுக்கி எடுத்துப் பார்க்கட்டும். 25 பள்ளி நாள்களில் ஆயிரம் முயற்சிகள் நிகழும். சராசரியாக ஒருமுறையே எண் பொருந்தும். மூன்று இலக்கத்துக்கே நிலை இதுவாயின், ஏழு இடத்துக்கு எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வர். கேட்ட அறிவினும் கண்ட அறிவு நிலைக்கும்.

சீட்டிழுப்பில் மோசடி நிகழாதா என்னும் ஐயமும் எழும். நிகழ்ந்ததுண்டு. மேலே கூறிய பன்மாநிலச் சங்கத்திலேயே, கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி ஒருவர், இலக்கங்களைத் தெரியும் பொறியின் நிரலுள் களவாக ஒரு வழியைப் புகுத்தினார். 2010 டிசெம்பரில் நடைபெற்ற வேறொரு கூட்டு ஆட்டத்தின் 1 கோடியே 65 இலட்சம் டொலர் பரிசைச் சுருட்ட முயன்றபோது ஐயம் எழுந்தது. நெடிய விசாரணைக்குப் பின் 2017இல் அவருக்கு 25 ஆண்டுவரைச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. காவலனே கள்வனாகக்கூடும் ஆதலின், சீட்டிழுப்பைப் பலர் முன்னிலையில், கண்ணாடிப் பெட்டியில், தொலைக்காட்சியிற் காட்டி நடத்துகின்றனர். சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்த நம் முன்னோரின் கருத்தும் இதுவே.

ஆனால் நேயர்களே, சீட்டிழுப்பு நேர்மையாக நடைபெறுகின்றது என்பதும், அது வாங்குபவருக்கு ஆதாயமானது என்பதும் வெவ்வேறு விடயங்கள். எள்ளளவும் வஞ்சனையின்றி நடக்கும் சீட்டிழுப்பிலும், விற்ற பணத்தில் ஒரு பங்கே வாங்கியோரிடம் திரும்பும். மறுபங்கு திரும்பாது. எந்த ஒருவருக்கு விழும் என்பது எவருக்கும் தெரியாது. எல்லோருமாகச் சேர்ந்து இழப்பர் என்பது மட்டும் உறுதி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலை அறிந்த நமக்குத் தருமரின் சூதாட்டக் கதையைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் நாட்டையும் தம்பியரையும் ஒரே இருக்கையில் இழந்தார். அவையோர் எல்லோரும் அதனைக் கண்டனர். லொத்தரில் இழப்பவர் சிறுகச் சிறுக இழக்கிறார்; ஆதலால் அவரும் காண்பதில்லை, அயலவரும் காண்பதில்லை.

அச்சிறு தொகையைக் கூட்டிப் பார்ப்போம். நம் நாட்டில் 20 ரூபாவாக இருந்த சீட்டின் விலை 2023இல் 40 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு சீட்டு வாங்குபவர் மாதம் 2,400 ரூபாவும் ஆண்டுக்கு 29,200 ரூபாவும் கொடுக்கின்றார். மாதச் சம்பளம் பெறுபவருக்கு இது பெரும் பாரமாகத் தோன்றாது. வாவியில் இரவெல்லாம் தோணி வலித்து, சில நாள் வெறுங்கையுடன் கரை திரும்பும் மீனவனுக்கு அது வேறு. வயலில் நாட்கூலிக்கு நிற்பவருக்கும் அது வேறு. செல்வந்தனுக்கும் ஏழைக்கும் சீட்டின் விலை ஒன்றே; ஆனால் ஏழையின் வருமானத்தில் அது பெரும் பங்கு. வேறெந்த வழியாலும் தன் நிலை உயரும் என்னும் நம்பிக்கை அற்றவனே இவ்வழியை மிகுதியாக நாடுவான். இதனைச் சோம்பல் என்று இகழ்தல் தகாது. நம்பிக்கைப் பஞ்சத்தில் வாடுபவன் நம்பிக்கையை விலைக்கு வாங்குகின்றான். பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஏழை மாணவனின் புலமைப்பரிசிலுக்கு, தன் பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு அப்பால் அனுப்ப இயலாத மற்றோர் ஏழையும் பணம் கொடுக்கின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

அரசுகள் இவ்வினாவுக்கு ஒரே விடையைக் கூறவில்லை. கேரள மாநிலம் 1967இல் இந்தியாவில் முதன்முதலாக அரசு லொத்தரைத் தொடங்கி இன்றும் நடத்துகின்றது. அண்ணாதுரை அவர்கள் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1968இல், தமிழ்நாடும் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அக்காலத்து வாசகம். ஆயினும் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் சீர்குலைகின்றன என்னும் குரல் வலுக்கவே, 2003 சனவரியில் தமிழ்நாட்டு அரசு எல்லா லொத்தர் விற்பனையையும் தடைசெய்தது. அயல் மாநிலங்கள் இரண்டு, தீர்ப்பும் இரண்டு. விற்பனையால் வாழ்வோரையும் எண்ண வேண்டியுள்ளது. வேறு தொழில் செய்ய இயலாத முதியோரும் உடல் ஊனமுற்றோரும் சீட்டு விற்றுத் தம் உழைப்பால் வாழ்கின்றனர். ஆகவே ‘ஒழிக’ என்று கூறுதலும் எளிதன்று. ‘வாழ்க’ என்று கூறுதலும் எளிதன்று. திருவள்ளுவர் சூது என ஓர் அதிகாரம் வகுத்துக் கண்டித்தார். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் நம் முஸ்லிம் சகோதரர்களின் சமயம் இதனை முற்றாக விலக்குகின்றது. அவரவர் நெறி அவரவர்க்கு. கணக்கோ எல்லோர்க்கும் பொது.

முடிவாக, நடைமுறைக்கு வேண்டிய சிலவற்றைக் கூறுவோம். சீட்டு வாங்குவதாயின், போனால் போகட்டும் என்று விடத்தக்க பணத்தால் மட்டும் வாங்குங்கள், கடன்பட்டு வாங்காதீர்கள். அதனைச் சேமிப்பாகவோ முதலீடாகவோ எண்ணாதீர்கள். திருவிழாவில் இராட்டினம் ஏறக் கொடுக்கும் காசாக எண்ணுங்கள். இழந்ததை மீட்பதற்காக மேலும் வாங்குதல் கூடாது. அது சேற்றிற் புதைந்த காலை எடுக்க மற்றைக் காலையும் ஊன்றுதல் போலாகும். வாங்கிய சீட்டின் முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாகத் தொலைபேசியிற் செய்தி வந்தால் அது பொய்யெனத் தெளியுங்கள். பரிசைப் பெற முன்பணம் கட்டுக என்று கேட்பவருக்கு ஒரு சதமும் கொடாதீர்கள். வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தையும் சொல்லாதீர்கள்.

மாதம் 2,400 ரூபாவை அயலவரோடு சேர்ந்து சீட்டாகக் கட்டுபவர், இருபது மாதத்தில் 48,000 ரூபாவை உறுதியாகப் பெறுவார். அதற்குச் சோதிடமும் வேண்டியதில்லை, சகுனமும் வேண்டியதில்லை. சீட்டுப் பிடிக்கும் பெண்மணியின் நாணயம் ஒன்றே போதும். அத்தொகை மாளிகை கட்டப் போதாதுதான். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கும், ஒரு வலைக்கும், ஒழுகும் கூரைக்கும் போதும். அது இருபது மாதத்துக்குள் கைக்கு வரும் என்பதும் வீட்டுக்காரிக்கு முன்னரே தெரிந்திருக்கும்.